வெயில் வந்த முதல் நாள்
வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவரின் பதில்கள்

கேள்வி: ஐயா, பிப்ரவரியில் நண்பர்கள் நான்கு பேர் காஷ்மீரில் உள்ள குல்மார்க் போகிறோம். எனக்கு ஸ்கீ (பனிச்சறுக்கு) ஓரளவு வரும். பனிப்புயல் ஓய்ந்து வெயில் வந்ததும் கோண்டோலாவில் (ரோப்கார்) அபர்வத் மலைக்கு ஏறி, வழக்கமான பாதையை விட்டு வெளியே இறங்கலாமா? சரிவு பத்திரமானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், கோவை

பதில்: தம்பி, ‘வெயில் வந்ததும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குப் பயம். புயல் ஓய்ந்த முதல் நாள் மலை அவ்வளவு அழகாக இருக்கும். ஆபத்தும் அன்றைக்குத்தான் அதிகம். ஒரே நாளில் ஒரு அடிப் பனி விழுந்தாலே மலைக்கு அது பெரிய பாரம். காற்றும் அடித்திருந்தால் மலைமுகட்டின் மறுபக்கத்தில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு குவிந்திருக்கும். அந்தப் புதுப்பனி பழைய பனியோடு ஒட்ட நேரம் வேண்டும்.

அடியில் இருப்பது அதைவிட மோசம். டிசம்பரில் விழும் மெல்லிய பனி, கடுங்குளிரில் சர்க்கரை போல உதிரி உதிரியாக மாறிவிடும். அதன்மேல் காற்று இறுக்கிய பனி பலகை போலக் கிடக்கும். கேழ்வரகு கொட்டிய தரையில் பலகை போட்டு ஏறி நின்றால் என்ன ஆகும்? அதுதான் பனிச்சரிவு. பெரும்பாலான விபத்துகளில் அந்தப் பலகையை உடைப்பது, சிக்கியவரோ கூட வந்தவரோதான்.

முதலில் சாய்வைப் பாருங்கள். 30 முதல் 45 டிகிரி வரை உள்ள சரிவுகள்தான் அதிகம் விழுகின்றன. நம் வீட்டு மாடிப்படி அளவு சாய்வே போதும். போனிலேயே அளக்கலாம். நீங்கள் நிற்கும் இடம் சமதளமாக இருந்தாலும் தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பக்கத்துச் சரிவில் புதிதாகப் பனி சரிந்த தடம் இருந்தால், காலடியிலிருந்து விரிசல் ஓடினால், திரும்பிவிடுங்கள். அப்புறம் அந்தச் சத்தம். காலுக்கடியில் பனி ‘வும்’ என்று அமுங்கும். காஷ்மீர் எல்லையில் குரேஸ் பக்கம் ஒரு ரோந்தில் அதைக் கேட்டேன். முன்னால் போன கட்வால் ஹவில்தார் கையைத் தூக்கினார், ஒரு வார்த்தை பேசாமல் எங்களைத் திருப்பி நடத்தினார். நாங்கள் அங்கே இருந்தவரை அந்தச் சரிவு விழவே இல்லை. ஆனாலும் அவர் செய்தது சரி என்றுதான் இன்றும் சொல்வேன்.

குழி வெட்டிச் சோதிப்பதும் உண்டு. 30 சென்டிமீட்டர் சதுரத்தில் பனித்தூண் செதுக்கி, மேலே மண்வெட்டியை வைத்து, மணிக்கட்டால் பத்து தட்டு, முழங்கையால் பத்து, தோளிலிருந்து பத்து. சில தட்டுகளிலேயே நழுவினால் போகக் கூடாது. நழுவாவிட்டால் போகலாம் என்று அர்த்தமில்லை. பத்தடி தள்ளிப் பனி வேறு மாதிரி இருக்கும்.

2023 பிப்ரவரியில் அபர்வத்தில் போலந்துக்காரர்கள் இருவர் பனிச்சரிவில் இறந்தார்கள். அடுத்த ஆண்டு, அதே மாதம், குல்மார்க்கிலேயே ஒரு ரஷ்யர். உங்களுக்கு ஓரளவுதான் ஸ்கீ வரும் என்கிறீர்கள். பாதைக்குள்ளேயே இருங்கள், தம்பி.

கேள்வி: பனிக்கடியில் புதைந்தவர் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்க முடியும்?
– வாசகி, தேனி

பதில்: முதல் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள், அம்மா. அரை மணி தாண்டினால் மூச்சடைத்துப் பெரும்பாலோர் போய்விடுகிறார்கள். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில், 19,600 அடி உயரத்தில், 19-ஆவது மெட்ராஸ் படைப்பிரிவின் பத்துப் பேர் புதைந்தார்கள். நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். கர்நாடகத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை மட்டும் ஆறாம் நாள் 25 அடிப் பனிக்கடியிலிருந்து உயிரோடு எடுத்தார்கள். பிப்ரவரி 11 அன்று அவரும் டெல்லி ஆஸ்பத்திரியில் காலமானார். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் டிவியை அணைக்கவில்லை.

வெளியிலிருந்து உதவி வருவதற்குள் கால் மணி ஓடிவிடும். கூட இருப்பவர்தான் எடுக்க வேண்டும். அதனால் ஒவ்வொருவரிடமும் புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சிக்னல் கருவி, குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, மண்வெட்டி மூன்றும் இருக்க வேண்டும். எங்கள் காலத்தில் இடுப்பில் நீளமான சிவப்புக் கயிறு கட்டிப் பின்னால் இழுபட விட்டு நடப்போம். ஆள் புதைந்தாலும் கயிற்றின் நுனியாவது மேலே தெரியட்டும் என்று.