முப்பது ரூபாய்த் தேயிலை

மதிப்பிற்குரிய ஐயா,

பசுந்தேயிலைக்கு அரசு குறைந்தபட்ச ஆதார விலை அறிவிப்பதால் பயனில்லை என்று நீங்கள் எழுதியதை எங்கள் ஊரில் பலரும் படித்தோம். படித்தவர்களில் ஒருவருக்குக்கூடப் பிடிக்கவில்லை. கோத்தகிரிப் பக்கம் எனக்கு ஒன்றரை ஏக்கர் தோட்டம். கிலோவுக்குக் கைக்கு வருவது பதினைந்து, பதினாறு ரூபாய். சில மாதங்களில் அதுவும் இல்லை. பறிகூலியே பாதிக்கு மேல் போய்விடுகிறது. உரம், கவாத்து, களை என்று மீதியும் கரைகிறது. கடையிலோ நல்ல தேயிலைத்தூள் கிலோ முந்நூறு ரூபாய்க்கு மேல். நடுவில் இருப்பதை யார் தின்கிறார்கள்? ஃபாக்டரிக்காரர்களும் ஏலத்தில் வாங்கும் பெரிய கம்பெனிகளும் பேசி வைத்துக்கொண்டு விலையை அடிக்கிறார்கள் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

நெல்லுக்கு ஆதார விலை உண்டு. கரும்புக்கு உண்டு. எங்களுக்கு மட்டும் சந்தைப் பாடமா? கிலோவுக்கு முப்பது ரூபாய் என்று சட்டம் போட்டு, வெளிநாட்டுத் தூள் உள்ளே வராமல் தடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? ஒரு நாள் எங்களோடு வந்து முதுகில் பையைக் கட்டிக்கொண்டு இலை பறித்துப் பாருங்கள். பிறகு எழுதுங்கள்.

கோயம்புத்தூரில் வேலையில் இருக்கும் என் மகன், தோட்டத்தை விற்றுவிடலாம் என்கிறான். உங்கள் சந்தை இதற்கு என்ன சொல்கிறது என்பதையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சிறு தேயிலை விவசாயி, கோத்தகிரி

*

அன்புள்ள நண்பருக்கு,

பையைக் கட்டிக்கொண்டு ஒரு நாள் பறித்தால் என் முதுகு ஒரு வாரம் வலிக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் முதுகு வலித்த பிறகும் கூட்டல் கழித்தல் மாறப்போவதில்லை. எனவே கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு கிலோ தூளுக்கு நான்கு கிலோ பச்சை இலை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நடைமுறையில் சற்றுக் கூடும். குன்னூர் ஏலத்தில் அந்தத் தூள் 100 ரூபாய்க்குப் போகிறது என்றும் வைத்துக்கொள்வோம். மத்திய அரசின் தேயிலை வாரியத்தின் பங்கீட்டு முறைப்படி அதில் 65 விழுக்காடு இலை கொடுத்தவருக்கு, 35 விழுக்காடு ஃபாக்டரிக்கு. 65 ரூபாயை நான்கால் வகுத்தால் பதினாறேகால். உங்கள் கைக்கு வரும் பதினாறு ரூபாய் பிறப்பது இங்கேதான். அது முப்பது ஆக வேண்டுமானால் ஏலத்தில் தூள் 185 ரூபாயை ஒட்டிப் போக வேண்டும். தூள் 100 ரூபாயில் நிற்கும்போதே இலைக்கு முப்பது என்று சட்டம் போட்டால், ஃபாக்டரிக்கு ஒரு கிலோ தூளுக்கு இலைச் செலவு மட்டுமே 120 ரூபாய். விறகு, மின்சாரம், கூலி எல்லாம் அதற்கு மேல். அந்த ஃபாக்டரி என்ன செய்யும்? கதவைச் சாத்தும். வாங்கினால் முப்பதுக்குத்தான் வாங்க வேண்டும் என்று சட்டம் சொல்லலாம். வாங்கியே தீர வேண்டும் என்று சொல்ல எந்தச் சட்டத்துக்கும் வலுவில்லை.

நெல்லுக்கு நடக்கிறதே என்பீர்கள். நெல்லுக்கு அது நடப்பது, அறிவித்த விலைக்கு அரசே பணம் கொடுத்து வாங்கிக் கிடங்கில் அடுக்குவதால். மத்திய அரசு 23 பயிர்களுக்கு விலை அறிவிக்கிறது. பெருமளவில் வாங்குவது நெல்லையும் கோதுமையையும்தான். அந்த ஏற்பாட்டிலும் ஆதார விலைக்கு விற்க முடிந்தவர்கள் விவசாயிகளில் 6 விழுக்காட்டினரே என்று அரசே அமைத்த சாந்தகுமார் குழு 2015இல் சொன்னது. கரும்பின் கதை இன்னும் சுவையானது. வெட்டிக் கொடுத்த 14 நாட்களில் ஆலை பணம் தந்துவிட வேண்டும் என்பது சட்டம். நிலுவைத் தொகைக்காகக் கரும்பு விவசாயிகள் நடத்தும் போராட்டச் செய்தி இல்லாமல் நம் பத்திரிகைகளுக்கு ஒரு வருடம் கழிந்ததுண்டா? காகிதத்தில் இருக்கும் விலையை வைத்துக் கடை பாக்கியை அடைக்க முடியாது.

தேயிலை இந்த இரண்டையும்விட அவசரக்காரப் பயிர். காலையில் பறித்த இலை மாலைக்குள் ஃபாக்டரியின் வாட்டும் தொட்டிக்குப் போயாக வேண்டும். மறுநாள் வரை சாக்கில் கிடந்தால் சூடேறி, சிவந்து, ஒன்றுக்கும் உதவாமல் போகும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எந்த அரசுக் கிடங்கு இதைத் தாங்கும்? கூட்டுறவுத் தேயிலை ஃபாக்டரிகளின் கூட்டமைப்பான இன்கோசர்வின் கீழ் 16 ஃபாக்டரிகள் இருக்கின்றன. இலை குவியும் மாதங்களில் இருக்கிற இலையை வாங்கவே அவை திணறுகின்றன. தனியார் கதவு சாத்தினால் மாவட்டத்தின் இலை முழுவதும் அங்கே போய் நிற்கும்.

இது வெறும் கற்பனை என்று நினைத்தால் கென்யாவைப் பாருங்கள். 2021 ஜூலையில் மொம்பாசா ஏலத்தில், சிறு விவசாயிகளின் தேயிலையைக் கிலோவுக்கு 2.43 டாலருக்குக் கீழே விற்கக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். உங்கள் கடிதத்தில் வரும் ஃபாக்டரிக்கார வில்லனுக்கு அங்கே வேடமே இல்லை என்பதையும் கவனியுங்கள். அந்த ஃபாக்டரிகள் விவசாயிகளே பங்குதாரர்களாக உள்ளவை. என்ன நடந்தது? நல்ல தூள் விற்றது. சுமாரான தூளுக்கு அந்த விலை தர ஆளில்லை. கிடங்குகளில் கோடிக்கணக்கான கிலோ தேங்கியது; தேங்கிய தூள் பழசாகி மேலும் விலை இழந்தது. 2024இல் வரம்பை எடுத்துவிட்டார்கள். மூன்று வருடம் ஒரு நாடே செய்து பார்த்த பரிசோதனையை நாம் நீலகிரியில் திரும்பச் செய்ய வேண்டுமா?

பேசி வைத்து விலையை அடிக்கிறார்கள் என்கிறீர்கள். இருக்கலாம். வாங்குபவர்கள் சிலரே இருக்கும் இடத்தில் டீ குடிக்கும் நேரத்தில்கூட விலை பேசி முடித்துவிட முடியும். ஆனால் ஃபாக்டரிகள் தங்கள் தூளில் குறைந்தது பாதியை ஏலத்தில்தான் விற்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது யார்? தேயிலை வாரியம். கூட்டுச்சதி நடக்கிறது என்று நீங்கள் சந்தேகப்படும் அதே ஏலத்துக்குள் உங்கள் சரக்கை உந்தித் தள்ளுவது நீங்கள் உதவிக்கு அழைக்கும் அதே அரசுதான். வெளியே நேரடியாக வாங்கப் பத்துப் பேர் வரட்டும், ஏலத்துக்குள் நடக்கும் பேச்சு தானாக நிற்கும்.

இனி எனக்கு முக்கியமாகப் படும் விஷயத்துக்கு வருகிறேன். மாலை நேரத்தில் உங்கள் ஊர் எடை மேடையில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு பெண் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கையால் கிள்ளிய கொழுந்தை ஒரு பை கொண்டுவந்து வைக்கிறார். பக்கத்தில் ஒருவர் கத்தரியால் குச்சியும் முற்றிய இலையுமாக வெட்டித் திணித்த சாக்கை இறக்குகிறார். தராசு இரண்டையும் ஒன்றாகவே பார்க்கிறது. ஈரத்துக்கென்று இருவருக்கும் ஒரே மாதிரி பிடித்தம். பிறகு இரண்டும் ஒரே லாரியில் கொட்டப்பட்டு ஒரே குவியலாகிப் போகின்றன. மாதக் கடைசியில் இருவருக்கும் கிலோவுக்கு ஒரே விலை. தேயிலை வாரியம் மாதந்தோறும் நீலகிரிக்கென்று ஒரு சராசரி விலையை அறிவிக்கிறது அல்லவா? 2003ஆம் ஆண்டின் தேயிலைச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையின் வழி வந்த ஏற்பாடு அது. விவசாயியைக் காப்பாற்ற வந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். கையால் கிள்ளுபவர் நாளொன்றுக்குப் பறிப்பதைப் போல மூன்று மடங்கை கத்தரிக்காரர் வெட்டிவிடலாம் என்றால், கிள்ளுபவர் எத்தனை நாள் முட்டாளாக இருப்பார்? அவரும் கத்தரி வாங்குகிறார். மாவட்டத்தின் இலை மொத்தமும் முற்றுகிறது. தூளின் தரம் இறங்குகிறது, குன்னூர் ஏல விலை இறங்குகிறது, அந்த விலையிலிருந்து கணக்கிடும் சராசரியும் இறங்குகிறது. அடுத்த மாதம் எல்லோரும் சேர்ந்து சாலைக்கு வருகிறோம்.

இதன் மேல் முப்பது ரூபாய் ஆதார விலையையும் ஏற்றினால் கத்தரிக்குத்தான் கொண்டாட்டம். சாக்கில் குச்சி கூடக்கூட லாபம். நீங்கள் கேட்க வேண்டியது வேறு: ஒவ்வொரு பையையும் பிரித்துப் பார், தரத்துக்கு ஏற்ப விலை கொடு, நல்ல கொழுந்துக்குச் சராசரியைவிட எவ்வளவு அதிகம் என்பதை எழுதிப் போடு. இதைச் செய்யும் ஃபாக்டரிக்கு இலை தானாகப் போகும், செய்யாதது காற்று வாங்கும். ஆறு மாதத்தில் நிலவரம் தெரிந்துவிடும்.

இறக்குமதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இந்தியாவில் ஆண்டுக்கு 130 கோடி கிலோவை ஒட்டித் தேயிலை விளைகிறது. வெளியிலிருந்து வருவது அதில் ஒரு சிறு பங்கு. நாட்டின் உற்பத்தியில் பாதிக்கு மேல் இன்று சிறு விவசாயிகளுடையது. உங்களோடு போட்டியிடுபவர் ஜல்பைகுரியிலும் அசாமிலும் உங்களைப் போலவே இரண்டு ஏக்கர் வைத்துக்கொண்டு உங்களைப் போலவே அரசைத் திட்டிக்கொண்டிருப்பவர். அவரை எந்தச் சுங்கச் சாவடியில் நிறுத்துவீர்கள்?

அரசை விலைக்குள் அழைப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். விலைக்குத் தரை போடும் கை கூரையும் போடும். 1983 டிசம்பரில் உள்நாட்டில் தேயிலை விலை ஏறுகிறது என்று இலையை நசுக்கி மணிமணியாகச் செய்யும் சி.டி.சி. தேயிலையின் ஏற்றுமதியையே தடை செய்தார்கள். உலகச் சந்தையில் நல்ல விலை கிடைத்துக்கொண்டிருந்த நேரம் அது. வெங்காயத்துக்கு 2023 டிசம்பர் முதல் 2024 மே வரை இதே கதை. விலை விழும்போது காப்பாற்று என்று கேட்கும் உரிமை உங்களுக்கு வந்தால், ஏறும்போது பிடித்து இழுக்கும் உரிமை நகரத்து டீக்கடை வாடிக்கையாளருக்கு வரும். வாக்குகள் அவரிடம் அதிகம்.

நீலகிரி இதை ஏற்கெனவே அனுபவித்திருக்கிறது. சோவியத் யூனியன் ரூபாய்க் கணக்கில் நம் தேயிலையை அள்ளிக்கொண்டு போன காலத்தை உங்கள் அப்பா சொல்லியிருப்பார். டெல்லியும் மாஸ்கோவும் செய்துகொண்ட ஏற்பாட்டை நாம் சந்தை என்று நம்பினோம். தரம் கேட்காத வாங்குபவர், நிச்சயமான விலை, தேயிலை நட மானியம். உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் இருந்த வயல்கள் தேயிலையாயின. (உருளையை விரட்டியதில் 1961இல் கண்டுபிடிக்கப்பட்ட நூற்புழுவுக்கும், அதன் பிறகு விதைக்கிழங்கை வெளியே அனுப்ப வந்த தடைக்கும் பங்குண்டு.) 1991இல் அந்த வாங்குபவர் உலக வரைபடத்திலிருந்தே மறைந்தார். அந்தப் பத்தாண்டின் முடிவை ஒட்டிப் பச்சை இலை ஒற்றை இலக்க விலைக்கு வந்து, மறியலும் உண்ணாவிரதமுமாக மாவட்டமே கொதித்தது. மலைக்காய்கறி விவசாயி விலை விழுந்தால் அடுத்த போகத்தில் கேரட்டை விட்டுப் பூண்டுக்குப் போய்விடுகிறார். மேட்டுப்பாளையம் மண்டியில் அவருக்கு எந்த ஆதார விலையும் இல்லை. நஷ்டமும் படுகிறார், சில வருடங்களில் அள்ளவும் செய்கிறார். தேயிலைச் செடியை அப்படி மாற்ற முடியாது. ஐம்பது வருடம் நிற்கும் செடியை மானியம் கொடுத்து நட வைத்தவர்கள் யாரும் இன்று பதில் சொல்லும் இடத்தில் இல்லை.

அரசு தேயிலைத் தோட்டத்தையே நடத்திப் பார்த்தது. இலங்கையிலிருந்து திரும்பிய நம் மக்களுக்கு வாழ்வு கொடுக்கவென்று 1968இல் தொடங்கிய திட்டம்தான் இன்று டான்டீ என்னும் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம். தொடங்கிய நோக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வனத்துறையின் நிலத்தில், அரசின் ஆதரவோடு நடந்தும் நஷ்டம் தாங்காமல், 2022இல் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க முடிவானது. தன் இலையிலேயே காசு பார்க்கத் தெரியாதவரிடம் உங்கள் இலைக்கு விலை சொல்லக் கேட்கிறீர்கள்.

உங்கள் மகன் விஷயம். விற்பதா வேண்டாமா என்பதை நான் சொல்ல முடியாது. விற்கத் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்வேன். மலைப் பகுதியில் கட்டடத்துக்கும் நில மாற்றத்துக்கும் உள்ள கெடுபிடிகளில் சில, நிலச்சரிவை நினைத்தால் நியாயமானவை. ஆனால் 1955ஆம் வருடத்து மரப் பாதுகாப்புச் சட்டத்தின் பெயரால், தோட்டத்தில் நிழலுக்கு நீங்களே நட்ட சில்வர் ஓக்கை வெட்டக்கூட மாவட்டக் குழுவின் அனுமதிக்கு நடக்க வேண்டியிருப்பதில் எந்த நியாயமும் இல்லை. முப்பது ரூபாய்க்காகச் சாலையில் உட்கார்பவர்கள் ஒரு நாளாவது இதற்காக உட்கார்ந்திருந்தால், விலை விழும் வருடங்களில் மரம் விற்ற பணம் குடும்பத்தைத் தாங்கியிருக்கும்.

விற்பதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். கடந்த ஒரு வருட இலை ரசீதுகளை எடுத்து, ஏக்கருக்கு வரவு எவ்வளவு, பறிகூலி எவ்வளவு என்று மகனையே கணக்குப் போடச் சொல்லுங்கள். கால் ஏக்கரை மட்டும் தனியாக வைத்துக் கத்தரி படாமல் வாரம் ஒரு முறை கிள்ளுங்கள். அந்தக் கொழுந்தை வழக்கமான லாரியில் ஏற்றாமல், குன்னூர், கோத்தகிரி பக்கம் சிறிய அளவில் கைத்தயாரிப்பாக, இலையை நசுக்காமல் உருட்டிச் செய்யும் ஆர்த்தடாக்ஸ் தேயிலை செய்பவர்களில் இரண்டு மூன்று பேரிடம் காட்டி விலை கேளுங்கள். கூடுதலாகப் பறிகூலிக்குக் கொடுத்ததைவிட அவர்கள் அதிகம் தந்தால் தோட்டத்தை வைத்துக்கொள்ளலாம். தராவிட்டால் உங்கள் மகன் சொல்வதுதான் சரி.

அன்புடன்.