பரணில் இருக்கும் பறை

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் வந்தவாசிப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவள். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு குழுவோடு சேர்ந்து பறை கற்றுக்கொள்கிறேன். என் தாத்தா ஊரில் சாவுக்குப் பறை அடித்தவர். அதை நிறுத்தச் சொல்லி அவரோடு சண்டை போட்டவர் அப்பா. படித்து ஆசிரியரானதும் குடும்பத்தையே டவுனுக்குக் கூட்டிவந்துவிட்டார். தாத்தாவின் பறை இன்னும் வீட்டுப் பரணில் கிடக்கிறது. தோல் போய், வளையம் மட்டும் மிச்சம்.

போன மாதம் எங்கள் குழுவின் நிகழ்ச்சிக்கு அப்பாவைக் கூப்பிட்டேன். "அதுலருந்து வெளிய வரத்தான் நான் படிச்சேன். நீ படிச்சு முடிச்சுட்டு அதுக்குள்ள போறியா?" என்று கேட்டார். அப்புறம் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. குழுவில் எங்கள் தெருக்காரி நான் ஒருத்திதான். 'ஆதித் தமிழர் இசை, நம் அடையாளம்' என்று மற்றவர்கள் சொல்லும்போது எனக்கும் சிலிர்க்கிறது. ஆனால் அந்தப் பெருமையில் என் தாத்தா எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. ஒரே கலை ஒருவருக்கு அடையாளமாகவும் இன்னொருவருக்கு அவமானமாகவும் இருக்குமா? அப்பா சொல்வது தப்பா, நான் செய்வது தப்பா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று நாள் கையிலேயே வைத்திருந்தேன். உடனே பதில் எழுத வராததற்கு ஒரு காரணம் உண்டு. நான் பிறந்தது நீங்கள் பிறந்த தெருவில் அல்ல. பறை அடிப்பவர்களை வரவழைத்த தெருவில்.

எனக்குப் பதினொரு வயதிருக்கும்போது பாட்டி இறந்தார். ஐப்பசி மாதம், விடாத தூறல். பொழுது விடிவதற்குள் நான்கு பேர் வந்து, எங்கள் தெருமுனையில் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சினார்கள். ஈரக்காற்றில் தோல் தொய்ந்துகொண்டே இருந்தது. நான்கு அடி அடிப்பார்கள், ஒலி மந்தமாகும், மறுபடி தீயில் வாட்டுவார்கள். வயதானவர் ஒருவர் தோலை விரல் நுனியால் சுண்டிப் பார்த்துவிட்டுக் காதைப் பக்கத்தில் கொண்டுபோவார். அந்த முகத்தை இன்னும் மறக்கவில்லை. வீணைக்குச் சுருதி கூட்டுகிறவரின் முகத்தில் பின்னாளில் அதே கவனத்தைப் பார்த்திருக்கிறேன்.

அந்த வயதானவருக்கு அன்றைக்குக் காய்ச்சல். துண்டால் காதைச் சுற்றிக் கட்டியிருந்தார். "முடியலன்னா வராம இருக்கலாமே" என்று நான் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். "வராம எப்படி இருப்பான்?" என்று அவர் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அந்த நான்கு பேருக்கும் காப்பி கொட்டாங்குச்சியில் போனது. மதியம் பாடை கிளம்பிய பிறகு, விரித்துப் பிடித்த துண்டில் நெல்லை மேலிருந்து கொட்டினார்கள்.

அந்தப் பறை இல்லாமல் எங்கள் வீட்டில் அன்றைக்கு அழுகையே வந்திருக்காது. அதையும் சொல்லியாக வேண்டும். விடியற்காலையில் பெண்கள் என்ன செய்வதென்று தெரியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். முதல் அடி விழுந்ததும் என் அத்தை எழுந்தார். மார்பில் அடித்துக்கொண்ட கை பறையின் நடையோடு சேர்ந்துகொண்டது. ஒப்பாரி அந்த நடையில் ஏறி உட்கார்ந்தது. எங்கள் துக்கத்துக்கு ஒரு உருவம் கொடுத்தவர் தெருமுனையில் காய்ச்சலோடு நின்றிருந்தார், வீட்டுக்குள் வர அனுமதி இல்லாமல். என் பாட்டியின் நினைவு இன்றைக்கும் எனக்கு அந்தத் தாளத்தில்தான் வருகிறது. ஒரு கலை மனிதனை ஆக்குகிறது என்று சொல்வார்களே, எனக்கு அதன் அர்த்தம் இதுதான். என்னை ஆக்கியதில் உங்கள் தாத்தாவைப் போன்ற ஒருவரின் கைக்கும் பங்கு உண்டு. அவருக்கு நாங்கள் திருப்பிக் கொடுத்தது இரண்டு படி நெல்லும் ஒரு கொட்டாங்குச்சியும்.

உங்கள் அப்பா எதை விட்டு வெளியே வந்தார் என்பதை இங்கிருந்து பாருங்கள். அவர் விட்டது இசையை அல்ல. 'வராம எப்படி இருப்பான்' என்ற அந்த வாக்கியத்தை. தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் "இனி சாவுக்கு அடிக்க மாட்டோம்" என்று சொன்னதற்காக மக்கள் அடி வாங்கியிருக்கிறார்கள், ஊர் வேலை மறுக்கப்பட்டுப் பட்டினி கிடந்திருக்கிறார்கள். சிலர் பறையைக் கொளுத்தியும் இருக்கிறார்கள். பறையடித்து ஊருக்குச் செய்தி சொல்லும் தண்டோரா வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு தடை செய்ததே 2022-இல்தான். அப்படியென்றால், 'அடிக்க மாட்டேன்' என்று ஒரு மகன் தன் தகப்பனோடு நடத்திய சண்டை எவ்வளவு பெரியது! அதை அவர் வீட்டுக்குள்ளேயே, தான் நேசித்த மனிதரோடு நடத்தவேண்டியிருந்தது. உங்கள் குடும்பத்தில் முதல் கலகக்காரர் அவர்தான்.

இப்போது 'ஆதித் தமிழர் இசை' விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் குழுவினர் புறநானூற்றைக் காட்டியிருப்பார்கள். "துடியன் பாணன் பறையன் கடம்பன் என்று இந்நான்கு அல்லது குடியும் இல்லை" என்ற மாங்குடி கிழாரின் வரி, 335-ஆம் பாட்டு. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருளில் தெய்வம், உணவு, மரம், பறவை என்பவற்றோடு பறையையும் வைக்கிறது. ஆண்டாள் திருப்பாவையில் திரும்பத் திரும்பக் கேட்பது பறையைத்தான். "நாராயணனே நமக்கே பறை தருவான்" என்று முதல் பாட்டிலேயே தொடங்கிவிடுகிறாள். உரையாசிரியர்கள் அதற்குக் கைங்கரியம், அதாவது இறைவனுக்குச் செய்யும் தொண்டு என்று ஆழமான பொருள் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பெண் கையில் பிடிக்க நினைத்தது முதலில் ஒரு தோல்கருவி. மார்கழி விடியலில் அதைப் பாடும் எத்தனையோ தெருக்களுக்குள் அந்தக் கருவியை எடுத்துக்கொண்டு யாரும் நடந்துவிட முடியாது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

சரி, பெருமைதான். ஆனால் அதே புறநானூற்றில் 287-ஆம் பாட்டைத் திறந்து பாருங்கள். "துடி எறியும் புலைய! எறிகோல் கொள்ளும் இழிசின!" என்று தொடங்குகிறது. போர்க்களத்தில் துடி என்ற தோல்கருவியை அடிப்பவனைக் கூப்பிடுகிற விளி அது. புலையன், இழிசினன். இந்தச் சொற்களுக்கு அந்தக் காலத்தில் இன்றைய பொருள் முழுதாக இருந்ததா என்று அறிஞர்கள் வாதிடுவார்கள், வாதிடட்டும். ஒரே நூலுக்குள் குடிகளின் வரிசையில் முன்னால் நிற்பவனும் தாழ்ந்த பெயரால் கூப்பிடப்படுபவனும் தோல்கருவியைக் கையில் வைத்திருப்பவன்தான் என்பதை மட்டும் நீங்கள் கவனியுங்கள். அப்புறம் பறையன் என்ற பெயர் கப்பலேறி ஆங்கிலத்துக்கும் போனது. ஒதுக்கிவைக்கப்பட்டவன் என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் 'பரையா' என்ற சொல்லின் வேர் இந்தக் கருவி. உலகத்தில் வேறு எந்த வாத்தியத்துக்காவது இப்படி நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஒரே கலை ஒருவருக்கு அடையாளமாகவும் இன்னொருவருக்கு அவமானமாகவும் இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கும். இலக்கியமே அதற்குச் சாட்சி. 335-ஐ மட்டும் மேடையில் சொல்லி 287-ஐ விட்டுவிடுகிற பெருமையில் உங்கள் தாத்தாவுக்கு இடமில்லை. அந்த இடத்தை நீங்கள் கேட்டு வாங்கவேண்டும். அடுத்த நிகழ்ச்சியில் யாராவது ஈராயிரம் ஆண்டுக் கதையைச் சொல்லும்போது, ஐம்பது வருடத்துக் கதையை நீங்கள் சொல்லுங்கள். "என் தாத்தா அடித்தார், அப்பா நிறுத்தினார், நான் அடிக்கிறேன்" என்று சொன்னால் போதும். உங்களோடு கற்றுக்கொள்கிற மற்றவர்களுக்கு அது வலிக்கலாம். நல்லவர்களாக இருந்தால் அந்த வலியோடு இன்னும் நன்றாகவே அடிப்பார்கள். அவர்கள் கற்றுக்கொள்வதில் எனக்கு மகிழ்ச்சிதான். சாவு வீட்டில் கேட்ட ஒலி 2007-இல் சென்னை சங்கமம் கலைவிழாவின்போது பூங்காக்களில் கேட்டது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையைத் தோளில் மாட்டி ஆடினார்கள். மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். இவையெல்லாம் நடந்திருக்க வேண்டியவை, தாமதமாகவாவது நடந்தன. ஆனால் நகரத்தில் பறை கற்றுத்தர ஒரு ஆசானை அழைத்துவந்தால் அவருக்கு மரியாதையான சம்பளம் கொடுக்கிறார்களா என்று பாருங்கள். துண்டில் நெல் கொட்டும் பழக்கம் வேறு வேறு வடிவத்தில் வரும்.

இன்னொன்றையும் நீங்கள் கவனிக்கவில்லை என்று தோன்றுகிறது. 'அதுக்குள்ள போறியா' என்று அப்பா கேட்டாரே, உங்கள் குடும்பத்தில் ஒரு பெண் இதற்கு முன் வலக்கையில் அடிக்குச்சியும் இடக்கையில் சிண்டுக்குச்சியும் பிடித்து நின்றிருக்கிறாரா? உங்கள் பாட்டி நின்றிருக்க வாய்ப்பே இல்லை. நீங்கள் திரும்பிப் போகவில்லை. யாரும் போகாத இடத்துக்கு முதல் ஆளாகப் போகிறீர்கள். யாரும் ஆள் அனுப்பி உங்களைக் கூப்பிடுவதில்லை. உடம்பு முடியாத ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வீட்டில் படுத்துக்கொள்ளலாம். அந்த உரிமையை வாங்கிக் கொடுத்தவர் உங்கள் அப்பா. மாட்டேன் என்று ஒருவர் சொல்லி வென்றதால்தான், அடிக்கிறேன் என்று இன்னொருவர் தலைநிமிர்ந்து சொல்ல முடிகிறது. இதை அவரிடம் இதே வார்த்தைகளில் சொல்லிப் பார்த்தீர்களா?

மேடைக்கு அவரை மறுபடி அழைக்காதீர்கள். கைதட்டுகிற கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து அவருக்கு அது தாங்காது. யாரும் அவருக்குக் கை தட்டியதில்லை, அவர் அப்பாவுக்கும் தட்டியதில்லை. அதற்குப் பதிலாக வீட்டில் கேளுங்கள். சாவுக்கு ஒரு அடி, சாமிக்கு ஒரு அடி என்று தாத்தா வைத்திருந்திருப்பார். பிணத்தைத் தூக்கும்போது நடை எப்படி மாறும், மயானத்தை நெருங்கும்போது என்ன அடிப்பார்கள் என்பதெல்லாம் உங்கள் சென்னை வகுப்பில் வராது. சண்டை போட்ட மகனுக்கும் அது காதில் இருக்கும். சின்ன வயதில் வைக்கோல் பிடித்துக் கொடுத்தவர் அவராகத்தான் இருக்கவேண்டும்.

பரணிலிருந்து அந்த வளையத்தை இறக்குங்கள். மரம் உளுத்திருக்கிறதா, மூன்று துண்டுகளையும் இணைக்கும் இரும்புப் பட்டைகள் கெட்டியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். தோல் ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசை காய்ச்சவேண்டும். பதம் தப்பினால் தோல் வளையத்தில் நிற்காது. அதன் பதம் எனக்குத் தெரியாது. அப்பாவிடம் கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும்.

அன்புடன்.