வீடு கட்டுவோர் கேள்வி பதில்: எந்த டைல்ஸ் கட்டர் வாங்கலாம்?

(பதில் சொல்பவர் 27 வருடம் டைல்ஸ் ஒட்டியவர். இப்போது கட்டட வேலைக் கருவிகளை வாடகைக்கு விடும் கடை வைத்திருக்கிறார்.)

கேள்வி: பணி ஓய்வு பெற்றுவிட்டேன். வீட்டுக் குளியலறைக்கு நானே டைல்ஸ் ஒட்டலாம் என்று இறங்கியிருக்கிறேன். அறை 6 அடிக்கு 5 அடி, சுவரில் 7 அடி உயரம் வரை ஒட்ட வேண்டும். சுவருக்கு 12க்கு 18 அங்குல செராமிக், தரைக்கு 12க்கு 12 சொரசொரப்பு டைல்ஸ் வாங்கியாயிற்று. கடையில் கையால் தள்ளுகிற கட்டரையும் காட்டுகிறார்கள், கரண்டில் பிளேடு சுழலும் மார்பிள் கட்டர் மிஷினையும் காட்டுகிறார்கள். எதை வாங்குவது? "இரண்டும் வேண்டாம், ஆளைக் கூப்பிடுங்கள்" என்கிறாள் மனைவி. (வாசகர், காரைக்குடி)

பதில்: அம்மா சொல்வதில் தப்பில்லை. ஆனால் டைல்ஸ் வந்து இறங்கிவிட்டதே, சார். கை கட்டரை வாங்குங்கள். மிஷினை ஒரே ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள்.

காரணம் உங்கள் டைல்ஸிலேயே இருக்கிறது. ஒன்றைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சுவர் செராமிக் என்றால் பிஸ்கட் டீயைக் குடிப்பதுபோல உறிஞ்சிவிடும். தன் எடையில் நூற்றுக்கு 10 பங்குக்கு மேல் தண்ணீர் குடிக்கிற கல் அது. உள்ளே மென்மை, மேலே கண்ணாடிப் பூச்சு. அந்தப் பூச்சில் ஒரு கோடு கிழித்து அழுத்தினால் கோட்டோடு பிளந்துவிடும். அதிகச் சூட்டில் சுட்டு இறுகவைத்த விட்ரிஃபைடு கல் அரை சதவீதம்கூடக் குடிக்காது. அதன் கதை வேறு, அடுத்த கேள்வியில் வருகிறது.

கை கட்டரில் 24 அங்குலம் போதும். 18 அங்குலக் கல்லுக்கு எதற்கு 24 என்று கேட்பீர்கள். மூலைக்கு மூலை வெட்ட வேண்டி வந்தால் உங்கள் கல்லின் குறுக்களவு இருபத்தோரு அங்குலத்தைத் தாண்டும். வாங்கும்போது கைப்பிடியைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். தண்டவாளத்தில் கொஞ்சம் ஆட்டம் இருந்தாலும் அதை வைத்துவிட்டு வேறு எடுங்கள். அந்த ஆட்டம் கோட்டில் வரும், கோட்டில் வந்தது உடைப்பில் வரும். வெட்டுச் சக்கரம் தனியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். ஓர் உடைந்த டைல்ஸைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய் அங்கேயே வெட்டிக் காட்டச் சொன்னால் இன்னும் நல்லது. கடைக்காரர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும்.

வெட்டும்போது பளபளப்பு முகம் மேலே இருக்க வேண்டும். சக்கரத்தை ஓரத்தில் வைத்து, ஒரே அழுத்தத்தில், ஒரே தடவை தள்ள வேண்டும். காடாத் துணியைக் கிழிப்பதுபோல் 'சர்ர்ர்' என்று அறுபடாமல் சத்தம் வந்தால் கோடு விழுந்துவிட்டது. நடுவில் சத்தம் நின்றால் அந்த இடத்தில் கோடு இல்லை. சரியாக விழவில்லையே என்று மறுபடி அதே கோட்டில் ஓட்டாதீர்கள். புதிதாகக் கை வைக்கிற எல்லோரும் செய்வது இதுதான். இரண்டாம் தடவை சக்கரம் முதல் கோட்டிலேயே போகாது, பக்கத்தில் இன்னொன்று கீறும். உடைக்கும்போது கல் எதைக் கேட்பது என்று தெரியாமல் மூன்றாவது வழியில் போகும். பிறகு கைப்பிடியை மெதுவாக அழுத்துங்கள், குத்தாதீர்கள். வெட்டிய விளிம்பைச் சாணைக்கல்லில் நாலு தேய் தேய்த்துவிடுங்கள், கையைக் கிழிக்காது.

கட்டரைவிட முக்கியமான ஒன்றை நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். 12க்கு 18 என்பது வாய்வழக்கு. பெட்டியைப் பாருங்கள், 300க்கு 450 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கும். 6 அடி என்பது 1829 மில்லிமீட்டர். 4 கல்லைப் படுக்கையாக வைத்தால் 1800. மிச்சம் 29. இடைவெளிக்கு விட்டது போக விரல் அகலப் பட்டை ஒன்று மூலையில் நிற்கும். பக்கச் சுவரை முதலில் ஒட்டிவிட்டால் அந்தக் கல்லும் பசையும் இன்னும் கொஞ்சம் தின்றுவிடும். அவ்வளவு மெல்லிய பட்டையை எந்தக் கை கட்டரும் ஒழுங்காக உடைக்காது. அதனால் நடுவில் 3 முழுக் கல், இரண்டு ஓரத்திலும் அரைக் கல்லுக்குக் கொஞ்சம் கூடுதல் என்று பிரித்துவிடுங்கள். வெட்டு அதிகமாகும், ஆனால் எல்லாம் உடையக்கூடிய வெட்டு. பார்வைக்கும் இரண்டு மூலையும் ஒன்றுபோல் இருக்கும். ஒட்டுவதற்கு முன் கல்லைத் தரையில் பரப்பி அளந்து பாருங்கள்.

மிஷின் எதற்கென்றால் குழாய், சுவிட்ச் பெட்டி, தண்ணீர் போகும் ஓட்டை ஆகிய இடங்களில் வருகிற 'எல்' வெட்டுக்கு. கை கட்டர் நேர்கோடு மட்டும்தான் போகும். அந்தக் கற்களை ஒட்டாமல் விட்டுவைத்து, எல்லாவற்றிலும் குறி போட்டு, ஒரே நாளில் வெட்டிவிடுங்கள். மிஷின் எந்தக் கம்பெனி என்பதைவிட பிளேடைப் பாருங்கள். விளிம்பு பிளவில்லாமல் வட்டமாக ஓடுகிற டைமண்ட் பிளேடு வேண்டும். பல் பல்லாகப் பிளவு விட்டிருப்பது கான்கிரீட்டுக்கு. அது டைல்ஸ் ஓரத்தை எலி கடித்ததுபோல் ஆக்கிவிடும். முதலில் மேலாக ஒரு கோடு போட்டுவிட்டு அப்புறம் ஆழமாக இறக்குங்கள்.

தூசி விஷயத்தில் நான் செய்ததைச் செய்யாதீர்கள். முகத்தில் ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு வருடக்கணக்காக வெட்டினேன். டைல்ஸ் தூசியில் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலுக்குள் போனால் அது திரும்பி வராது. தண்ணீர் விட்டு வெட்டுங்கள், என்95 மாஸ்க் போடுங்கள். தண்ணீரும் கரண்டும் ஒரே இடத்தில் என்பதால் அந்த லைனில் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே நிறுத்திவிடும் சுவிட்ச்) இருக்க வேண்டும். காதுக்கும் ஏதாவது அடைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வலது காதில் பாதிதான் கேட்கிறது. தோளில் துண்டும் இடுப்பில் லுங்கியுமாக மிஷினைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: ஹாலுக்கு 2க்கு 4 அடி விட்ரிஃபைடு போடுகிறோம். 4 அடி கட்டர் ஒன்று சொந்தமாக வாங்கிவிடலாமா? (வாசகி, சென்னை)

பதில்: ஒரு ஹாலுக்காக வேண்டாம் அம்மா. வாடகைக்கு எடுங்கள், கூடவே பழகிய ஆள் ஒருவரையும். கோடு போட்ட பிறகு அந்த நீளத்தை ஒரே மாதிரி உடைப்பது கை வாகு. திருச்சியில் ஒரு வீட்டில் கடைசி வரிசை வெட்டும்போது நானே சொதப்பியிருக்கிறேன். சாப்பாட்டு நேரம், அவசரம், முக்கால் வழி நேராக வந்து கடைசி முழத்தில் கோணிக்கொண்டு போனது. பெட்டியில் வேறு கல் இல்லை. கடைக்கு ஓடினால் அதே டிசைன் இருக்கிறது, பேட்ச் எண் வேறு. பக்கத்தில் வைத்தால் ஒன்று பால், ஒன்று மோர். கட்டில் வரும் இடமாகப் பார்த்து அந்தக் கல்லை ஒளித்துவைத்தோம். அதனால் கட்டருக்கு ஒதுக்கிய பணத்தில் அதே பேட்சில் ஒரு பெட்டி கூடுதலாக வாங்கி வையுங்கள்.

கேள்வி: அடுப்படிச் சுவரில் ஏற்கெனவே ஒட்டிய டைல்ஸில் குழாய்க்கு ஓட்டை போட வேண்டும். உடையாமல் முடியுமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: முடியும். டைமண்ட் ஹோல்சா என்று கேளுங்கள், வட்ட ரம்பம்போல் இருக்கும். அரை அங்குலக் குழாய்க்கு 30 மில்லிமீட்டர் தாராளம். மேலே வரும் வட்டத் தட்டு மறைத்துவிடும். டிரில்லில் ஹேமர் (தட்டிக்கொண்டே துளைக்கும் வசதி) இருந்தால் அணைத்துவிடுங்கள். நேராக வைத்தால் வழுக்கி ஓடும். கொஞ்சம் சாய்த்துப் பிடித்துப் பிறை போல ஒரு கீறல் விழுந்ததும் மெல்ல நிமிர்த்துங்கள். பக்கத்தில் ஒருவரை நிற்கவைத்து, பாட்டில் மூடியில் துளை போட்டுத் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். டிரில்லுக்குள் தெறிக்காமல் ஹோல்சா மேல் மட்டும் விழ வேண்டும். உள்ளே பழைய குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.