பசியோடு தட்டுவரை போய்த் திரும்பும் பூனை

உங்கள் ஒன்பது வயதுப் பூனையைப் பற்றிய கடிதத்தில் பெரிய பட்டியலே இருக்கிறது: வாய் நாற்றம், உதட்டில் கரும்புள்ளி, ஈறில் சிவப்புக் கோடு, மயக்க மருந்து பயம், பல்லெல்லாம் போய்விட்டால் எப்படிச் சாப்பிடுவான் என்ற கவலை, கையில் இருக்கும் பணம். ஆனால் நீங்கள் கேள்வியாகக்கூடக் கேட்காமல் கடைசியில் போகிற போக்கில் எழுதிய வரிதான் கால்நடை மருத்துவரான என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. “சாப்பாடு என்றால் ஓடி வருகிறான். ஒரு வாய் வைத்ததும் சீறிக்கொண்டு பின்னால் போய்விடுகிறான். இரண்டு மாதத்தில் நாலரை கிலோவிலிருந்து நாலு கிலோ ஆகிவிட்டான்.”

அரை கிலோதானே என்று நினைத்திருப்பீர்கள். அவன் உடம்பில் அது ஒன்பதில் ஒரு பங்கு. எழுபது கிலோ மனிதர் இரண்டு மாதத்தில் எட்டு கிலோ இளைத்தால் வீட்டில் யாராவது சும்மா இருப்பார்களா?

பசி இல்லாத பூனை தட்டுப் பக்கமே வராது. ஓடி வந்து, முகர்ந்து, வாய் வைத்து, பிறகு தட்டே தன்னைக் கடித்துவிட்டதுபோலச் சீறுகிற பூனைக்குப் பசி இருக்கிறது, வாய் வலிக்கிறது. பூனைகள் வலியைக் காட்டிக்கொள்ளாத பிராணிகள். அவை அழுவதில்லை. ஒரு பக்கமாகவே மெல்லும், உணவை வாயிலிருந்து நழுவவிடும், முகம் கழுவிக்கொள்வதை விட்டுவிடும். முதுகு மயிர் எண்ணெய் பிடித்ததுபோலத் திரிதிரியாக நிற்கும். நீங்கள் “சோம்பேறி ஆகிவிட்டான்” என்று எழுதியிருப்பதும் இதில் சேர்த்திதான்.

நாள் குறித்து ஒரே ஒரு விஷயத்தை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். அவன் ஒரு முழு நாள், அதாவது 24 மணி நேரம், எதுவுமே சாப்பிடவில்லை என்றால் அடுத்த நாள்வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். நாயைப் போல பூனையால் பட்டினி கிடக்க முடியாது. இரண்டு மூன்று நாள் சாப்பிடாத பூனையின் உடல், சேர்த்துவைத்த கொழுப்பை ஒரேயடியாகக் கல்லீரலுக்கு அனுப்பும். அந்தக் கல்லீரலால் அதைச் சமாளிக்க முடியாது. குண்டான பூனைகளில் இது இன்னும் வேகம். காதின் உட்புறமும் கண்ணின் வெள்ளையும் மஞ்சளாகத் தெரியும்போது நாம் ஏற்கெனவே தாமதித்துவிட்டோம் என்று அர்த்தம். பல் வைத்தியத்தில் தொடங்கிய செலவு, குழாய் வழியே வாரக்கணக்கில் உணவு ஊட்டும் செலவாக மாறுவது இப்படித்தான்.

சரி, மற்றவற்றைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

உதட்டிலும் ஈறிலும் தட்டையான கரும்புள்ளிகள்: ஆரஞ்சு நிறப் பூனைகளுக்கு வயது ஏற ஏற வரும் வெறும் மச்சம். புடைத்தாலோ புண்ணானாலோ காட்டுங்கள், இல்லையென்றால் மறந்துவிடுங்கள். வாய் நாற்றம் உங்களுக்கோ குழந்தைக்கோ ஒட்டாது. ஆனால் வலிக்கிற வாயைத் திறந்து பார்க்கப்போய் அவன் கடித்துவிட்டால், சோப்புத் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மனிதர்களுக்கான மருத்துவரைப் பாருங்கள். பூனைப் பல் ஊசி மாதிரி. காயம் சின்னதாகத் தெரியும், கிருமி ஆழமாக இறங்கியிருக்கும். உலர் உணவு தராததால்தான் பல் கெட்டது என்று உங்கள் அண்ணி சொன்னது தவறு. சாதாரண உலர் உணவு பல்லைத் துலக்காது. முறுக்குத் தின்றால் நம் பல் சுத்தமாகிவிடுமா?

இப்போது கோபப்பட வேண்டிய இடம். “வலிக்குப் பாதி பாராசிட்டமால் தரலாமா” என்று கேட்டிருக்கிறீர்கள். தந்துவிட்டு வந்து கேட்காமல், கேட்டதோடு நிறுத்தினீர்களே, அதற்கு நன்றி. தரவே கூடாது. அந்த மருந்தை உடைத்து வெளியேற்றத் தேவையான நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. சில மணி நேரத்தில் ரத்தம் பழுப்பாகும், பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழக்கும், முகமும் பாதமும் வீங்கும். ஒரு மாத்திரையே உயிரை எடுக்கப் போதும். இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், நாய்க்கு எழுதிக்கொடுத்து மீந்த மருந்து எதுவும் வேண்டாம். இணையத்தில் பார்த்துக் கிராம்பு எண்ணெய் தடவினீர்களாம். அதையும் நிறுத்துங்கள், நம் சொத்தைப் பல்லுக்கு இதமாக இருப்பது பூனையின் கல்லீரலுக்குச் சுமை. மஞ்சளும் தேனும் ஒன்றும் செய்யாது. ஆனால் உங்கள் கையைக் கண்டாலே அவன் ஓட ஆரம்பித்துவிட்டான் இல்லையா, அது மட்டும்தான் கண்ட பலன்.

மூன்று முறை ஊசி போட்டதாகவும், ஒவ்வொரு முறையும் மூன்று வாரம் நன்றாகச் சாப்பிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது நெடுநாள் வேலை செய்யும் ஸ்டீராய்டாக இருக்கும். வீக்கத்தை அமுக்கும்; காரணத்தைத் தொடாது. இடையிடையே கொடுத்த ஆன்டிபயாடிக்கும் அப்படித்தான். ஈறுக்கு அடியில் காரை கல்லாகப் படிந்திருக்கும்வரை கிருமி திரும்ப வந்துகொண்டேதான் இருக்கும். அசலைத் தொடாமல் வட்டி கட்டுகிற கதை இது. அதிலும் ஸ்டீராய்டைத் திரும்பத் திரும்பப் போட்டால் பூனைக்குச் சர்க்கரை நோய் வரலாம், பிறகு தினமும் இன்சுலின். உங்கள் மூன்று ஊசி, இரண்டு கோர்ஸ் மாத்திரை, ஐந்து தடவை மருத்துவர் கட்டணம் எல்லாவற்றையும் ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள். நீங்கள் தள்ளிப்போட்ட பல் சிகிச்சையின் செலவில் கணிசமான பகுதியை ஏற்கெனவே செலவழித்திருப்பீர்கள்.

வாய்க்குள் என்னதான் நடக்கிறது? ஈறு ஓரத்தில் மட்டும் சிவப்புக் கோடு என்றால் அது ஆரம்ப ஈறு அழற்சி. சுத்தம் செய்தால் சரியாகிவிடும். எலும்பு கரையத் தொடங்கிவிட்டால் அதைத் திருப்ப முடியாது. பூனைகளுக்கென்றே இன்னொரு தொல்லை உண்டு: பல்லை உடலே அரித்துத் தின்பது. வெளியே பார்த்தால் ஈறு ஓரத்தில் ஒரு சின்னச் சிவப்புப் பொட்டு, அவ்வளவுதான். அந்த இடத்தில் கருவி நுனி பட்டால் முழு மயக்கத்தில் கிடக்கும் பூனைக்கும் தாடை படபடவென்று அடித்துக்கொள்ளும். முதன்முதலில் அதைப் பார்த்த அன்று, இந்த வாயோடு எத்தனை மாதம் சாப்பிட்டிருக்கிறது என்று நினைத்துக் கை நின்றுவிட்டது எனக்கு. மூன்றாவது, வாயின் பின்புறம், தாடைகள் சேரும் மூலையில், ரத்தச் சிவப்பாகச் சதை தடித்து நிற்பது. உங்கள் மருத்துவர் “உள்ளே ஆழத்திலும் சிவந்திருக்கிறது, கடைவாய்ப் பற்களை எல்லாம் எடுக்க வேண்டிவரும்” என்று சொன்னது இதை நினைத்துத்தான். பற்களில் படியும் கிருமிப் படலத்துக்கு எதிராக உடல் நடத்தும் சண்டை எல்லை மீறிப்போகும் நோய் அது. பல்லை எடுத்தால் சண்டைக்கான இடமே இல்லாமல் போகிறது. இப்படி எடுத்த பூனைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு நன்றாகத் தேறிவிடுகின்றன, சிலவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும். மீதிக்கு அதன் பிறகும் மருந்து தேவைப்படும். இதை மருத்துவர் முன்பே சொல்லவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள்.

அத்தனை பல்லையும் எடுக்கச் சொன்ன மருத்துவர் உங்களை ஏமாற்றவில்லை. பல் இல்லாமல் பட்டினி கிடப்பான் என்ற பயத்தை விடுங்கள். பூனை நம்மைப் போல அரைத்து மெல்வதில்லை. அதன் தாடை மேலும் கீழும்தான் அசையும். கடைவாய்ப் பல் இறைச்சியை நறுக்கும் கத்தரி, அவ்வளவே. தட்டில் வைக்கும் உணவுக்குக் கத்தரி தேவையில்லை. எல்லாப் பல்லும் எடுத்த ஒரு கிழட்டுப் பூனையை இரண்டு வாரத்துக்கு மிருதுவான உணவு மட்டும் என்று சொல்லி அனுப்பினேன். நாலாம் நாளே பக்கத்துப் பூனையின் உலர் உணவைத் திருடி அப்படியே விழுங்கியிருக்கிறது. நான் பரிந்துரைக்கவில்லை, ஆனாலும் திட்ட மனம் வரவில்லை.

மயக்க மருந்து? இணையத்தில் ஒரு பூனை இறந்த கதையை ஆயிரம் பேர் பகிர்வார்கள், விழித்தெழுந்து வீட்டுக்குப் போன பூனையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை நடந்த பெரிய ஆய்வில், ஆரோக்கியமான பூனைகளில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ ஒன்று மயக்கம் சார்ந்த காரணத்தால் இறந்தது. நோயுற்ற பூனைகளில் ஆபத்து அதைவிடக் கூடுதல், அதனால்தான் முதலில் சிறுநீரகத்துக்கும் மற்றவற்றுக்கும் ரத்தப் பரிசோதனை. ஒன்பது வயதில் அதைத் தவிர்க்காதீர்கள். அதே ஆய்வில் இறந்த பூனைகளில் பாதிக்கும் மேற்பட்டவை இறந்தது அறுவைக்குப் பிறகு, அதிலும் பெரும்பாலும் முதல் சில மணி நேரத்தில். ஆகவே “ஆபத்து உண்டா” என்று கேட்பதைவிட “மயக்கம் தெளியும்போது அவன் பக்கத்தில் யார் இருப்பார்கள், சூடு எப்படிக் கொடுப்பீர்கள்” என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் வேறு இடம் பாருங்கள். மயக்கமே இல்லாமல் பல் சுத்தம் செய்கிறோம் என்கிறவர்களிடம் போகாதீர்கள். கண்ணுக்குத் தெரிகிற காரையைச் சுரண்டிப் பல்லை வெள்ளையாக்குவார்கள், நோய் இருக்கும் ஈறின் அடிப்பகுதி அப்படியே இருக்கும்.

பணம். கடிதத்தில் இதை எழுதும்போது வெட்கப்பட்டிருக்கிறீர்கள். வேண்டாம். மருத்துவரிடம் முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள்: “என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது, இதில் என்ன செய்யலாம்?” இதை நாங்கள் தினமும் கேட்கிறோம். தொகையைச் சொல்லாமல் “யோசித்துச் சொல்கிறேன்” என்று எழுந்து போகிறவர்களுக்குத்தான் எங்களால் உதவ முடிவதில்லை.

செலவு மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். இன்றே எடுக்க வேண்டிய பல் எது, ஆறு மாதம் பொறுக்கக்கூடியது எது என்று பிரித்துக் கேளுங்கள். இரண்டு தவணையாகச் செய்தால் மயக்க மருந்துச் செலவு இரண்டு முறை வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். தவணையில் கட்டலாமா என்று கேட்பதில் தப்பே இல்லை. கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எட்டும் தூரத்தில் இருந்தால் அங்கே கட்டணம் பெரும்பாலும் குறைவு. நேரம்தான் அதிகம் பிடிக்கும். பல் எக்ஸ்ரே வசதியும் அனுபவமும் இருக்கிற பொது மருத்துவரே நிறையப் பற்களை எடுத்துவிடுவார், எல்லாவற்றுக்கும் நிபுணர் தேவையில்லை.

குறைக்கக்கூடாத இடங்கள் எக்ஸ்ரே, வலி நிவாரணி, கண்காணிப்பு. எக்ஸ்ரே இல்லாமல் பிடுங்கினால் வேர்த்துண்டு உள்ளே நின்று, மேலே ஈறு மூடி, வலி தொடரும். பிறகு இரண்டாவது முறை காசு கொடுத்துத் தேட வேண்டும். தாராளமாகக் குறைக்க வேண்டியவை தண்ணீரில் கலக்கும் திரவம், வைட்டமின் சிரப், பல் பிஸ்கட். நோயுற்ற வாய்க்கு இவற்றால் பிரயோஜனமில்லை.

ஒரு பல் மட்டும் ஆடினாலோ, ஒரு பக்கத் தாடை மட்டும் வீங்கினாலோ, நாக்கின் அடியில் கட்டி தெரிந்தாலோ கதை வேறு. வயதான பூனைகளில் அது புற்றுநோயாக இருக்கக்கூடும், சதைத் துண்டு எடுத்துப் பார்க்காமல் பல்லைப் பிடுங்கிவிட்டுச் சும்மா இருக்கக்கூடாது. உங்கள் விவரிப்பில் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

தேதி கிடைக்கும்வரை டின் உணவைக் கூழாக்கி, உடல் சூட்டுக்குச் சூடாக்கி, விளிம்பில்லாத தட்டில் வையுங்கள். இந்த வாயில் இப்போது பிரஷ் போட வேண்டாம். சிகிச்சைக்கு இரண்டு வாரம் கழித்து, மிஞ்சிய பற்களுக்கு மட்டும், வெளிப்பக்கம் மட்டும், தினமும். இரண்டு மூன்று நாளில் படலம் கல்லாக இறுகத் தொடங்கும். வாரத்துக்கு ஒருமுறை துலக்குவது வீண். நம் பற்பசை கூடாது, பூனைக்குத் துப்பத் தெரியாது.

தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். சமையலறைத் தராசில் அட்டைப்பெட்டியை வைத்து, அதன் எடையைக் கழித்துக்கொண்டால் போதும். குளியலறை எடைக்கருவியில் தூக்கி நிற்பது கிராம் கணக்குக்கு உதவாது. அப்புறம், மூன்றாவது ஊசி எந்தத் தேதியில் போட்டது என்பதைத் தாளில் எழுதி எடுத்துப் போங்கள். ஸ்டீராய்டு உடலில் இருக்கும்போது சில வலி மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் வயிற்றில் புண் வந்து ரத்தம் கசியும். அந்தத் தேதியைப் பார்த்துத்தான் அவனுக்கு எதைத் தருவது என்று மருத்துவர் முடிவு செய்வார்.