இயக்குநர் நாற்காலியும் நடுப்படியும்

கேள்வி: பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் பெண் இயக்குநர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் அத்தகைய நிறுவனமொன்றில் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பணியாற்றும் நான், இதுவரை ஒரு பெண் துறைத் தலைவரைக்கூடக் கண்டதில்லை. இச்சட்டத்தால் என்ன பயன்?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பயன் உண்டு, நீங்கள் எதிர்பார்க்கும் இடத்தில் இல்லை, அவ்வளவே. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் பெண் இயக்குநர் வேண்டும் என்றதே தவிர, அவர் முதலாளியின் உறவினராக இருக்கக் கூடாது என்று சொல்லவில்லை. எனவே பல நிறுவனங்கள் மனைவியையோ மகளையோ அமர்த்திக் கணக்கை நேர்செய்தன. (அவர்களில் திறமைசாலிகளும் உண்டு என்பதை மறுக்கவில்லை.) இந்த ஓட்டையை அடைக்கவே, சந்தை மதிப்பில் முதல் 500 நிறுவனங்களுக்கு 2019 ஏப்ரலிலிருந்தும், முதல் 1,000 நிறுவனங்களுக்கு 2020 ஏப்ரலிலிருந்தும், நிறுவனர் குடும்பத்தைச் சாராத பெண் இயக்குநர் ஒருவர் கட்டாயம் என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி விதித்தது. ஆயினும், ஆண்டுக்குச் சில கூட்டங்களில் அமர்ந்து கேள்வி கேட்கும் அவர் உங்கள் பதவி உயர்வைத் தீர்மானிப்பவர் அல்லர்.

சிக்கல் பதவி ஏணியின் நடுப்படியில் இருக்கிறது. மகப்பேறு விடுப்பு 2017இல் 26 வாரங்களாக உயர்ந்தது, நல்ல திருத்தம்தான். ஆனால் அந்த விடுப்புக்கான சம்பளத்தை யார் கொடுப்பது? அதே ஆண்டில் மாதம் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்ட இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) சம்பள வரம்புக்குள் வரும் தொழிலாளிக்கு அந்தக் காப்பீட்டுக் கழகமே வழங்குகிறது. வரம்பைத் தாண்டிய அதிகாரிக்கோ நிறுவனம் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். ஆக, இயந்திரத்தின் முன் நிற்கும் பெண்ணைச் சேர்க்கத் தயங்காத முதலாளி, முப்பது வயதில் மேலாளராகத் தகுதிபெறும் பெண்ணிடம் வந்ததும் கணக்குப் போடத் தொடங்குகிறார். துறைத் தலைவர்கள் உருவாக வேண்டிய வயதும் அதுவே. இச்செலவில் ஒரு பகுதியை அரசு ஏற்கும்வரை இந்தக் கணக்கு மாறாது என்பது என் கருத்து.

உங்கள் நிறுவனம் முதல் ஆயிரத்துக்குள் இருப்பின், அதன் ஆண்டறிக்கையோடு வரும் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கையைப் புரட்டுங்கள். இயக்குநர் குழுவில் எத்தனை பெண்கள் என்பதைக் காட்டும் அட்டவணையைக் கடந்து, குழந்தை பிறப்பையொட்டிய பெற்றோர் விடுப்பு முடிந்து பணிக்குத் திரும்பியவர்கள் எவ்வளவு, அதன்பின் நிலைத்தவர்கள் எவ்வளவு என்று ஆண், பெண் வாரியாகத் தரும் அட்டவணையைப் பாருங்கள். உங்கள் கேள்விக்கான விடை அங்கே இருக்கும்.