வெளிநாட்டில் இருக்கும் துணையோடு வாழ ஊரை விட்டுப் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? போகலாமா?

நிச்சயம் முடிந்துவிட்டது, அவர் கனடாவில், இரண்டு வருடமாகப் போனில்தான் பேச்சு, இங்கே பார்க்கிற வேலையை விட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம். நானும் அப்படிப் போனவள்தான். விசாவைச் சொல்லித்தான் எல்லோரும் பயமுறுத்துவார்கள். எனக்கு அதைவிட, போய் இறங்கிய பிறகான முதல் நான்கு மாதம்தான் பெரும்பாடு.

எனக்கு மன்னார்குடி பக்கம். என் வீட்டுக்காரர் தஞ்சாவூர் கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் சீனியர். 2015-இல் டொராண்டோவுக்குப் படிக்கப் போனவர் அங்கேயே வேலை, பி.ஆர். (நிரந்தரக் குடியுரிமை அனுமதி) என்று தங்கிவிட்டார். நான் ஊரில் ஒரு ரைஸ் மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அவருக்கு ஷிஃப்ட் முடிவது இரவு பத்து மணி, எனக்கு அப்போது காலை ஏழரை. மில்லுக்கு எட்டே காலுக்கு பஸ். கோடையில் தொல்லை இல்லை. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்துவிடுவார்கள். அப்புறம் அவருடைய பத்து மணி எனக்கு எட்டரை. மார்ச்சில் திரும்ப மாற்றும் வரை டவுன் பஸ்ஸில் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டுதான் பேச்சு. என் காதல் கதையில் பாதி அந்தக் கண்டக்டருக்குத் தெரியும்.

2019 தை மாதம் கல்யாணம். அவருக்கு லீவு கிடைக்குமோ கிடைக்காதோ என்று இழுத்தபோது, வீடியோ காலிலேயே முடித்துவிடலாமே என்று ஒரு சித்தப்பா யோசனை சொன்னார். நல்லவேளை, யாரும் கேட்கவில்லை. போனிலும் இன்டர்நெட்டிலும் நடக்கிற கல்யாணத்தைக் கனடா 2015-இல் இருந்து குடியேற்றத்துக்கு ஏற்பதில்லை. இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும். தாலி கட்டிய கையோடு சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் போய்விடுங்கள். 2009-ஆம் வருடச் சட்டப்படி தமிழ்நாட்டில் எந்தக் கல்யாணத்தையும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். மண்டபத்து ரசீதும் பத்திரிகையும் பத்திரமாக இருக்கட்டும்.

கனடாவுக்குப் போட்ட விண்ணப்ப ஃபைல் கதைக்கு வருகிறேன். நாங்கள் கணவன் மனைவிதான் என்று காகிதத்தில் காட்ட வேண்டும். எப்படிப் பழக்கம், யார் அறிமுகம் செய்தது, கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்றெல்லாம் படிவத்தில் கேள்வி. போட்டோ இருபதுக்கு மேல் வேண்டாம், வாட்ஸ்அப் பேச்சு பத்துப் பக்கத்துக்கு மேல் வேண்டாம் என்று எங்கள் பட்டியலில் இருந்தது. நான்கு வருடத்தில் பத்துப் பக்கம்! தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்று நீடாமங்கலம் வரை போய் ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டேன். கடைப் பையன் ஒவ்வொரு பக்கமாக எடுத்து வைத்தவன், பாதியில் நிமிர்ந்து, "அக்கா, எல்லாப் பக்கத்துலயும் 'சாப்டியா'ன்னுதான் இருக்கு, வேற பக்கம் போடவா?" என்றான். வேறு பக்கத்திலும் அதுதான் இருந்தது. ஆங்கிலமோ பிரெஞ்சோ இல்லாததை மொழிபெயர்த்துத் தர வேண்டும், வீட்டு ஆட்கள் செய்தால் செல்லாது. அதனால் காசு கொடுத்து ஒரு பெரியவரை வைத்து, 'சாப்டியா', 'ம்', 'தூங்கலையா' எல்லாவற்றையும் ஆங்கிலமாக்கி, நோட்டரி முன்னால் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்தும் வாங்கினோம். பெரியவர் முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை.

அந்தப் பத்தில் ஒரு பக்கத்தில் மட்டும் பேச்சே கிடையாது. 2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் எங்கள் பக்கத்தைப் புரட்டிப் போட்டுவிட்டது. தென்னை கூரைமேல், கம்பம் ரோட்டின் குறுக்கே, டவர் இல்லை. ஐந்து நாள் கழித்து ஜெனரேட்டர் வைத்திருந்த ஒரு கடையில் காசு கொடுத்து போனில் சார்ஜ் ஏற்றினேன். அந்த ஐந்து நாளில் அவர் எனக்குப் போட்ட கால்களின் பட்டியலை அவர் போனிலிருந்தே எடுத்து ஃபைலில் வைத்தோம். ஒன்றுகூடப் போய்ச் சேராத 112 கால்கள். மொழிபெயர்ப்பும் வேண்டியிருக்கவில்லை.

மற்றதெல்லாம் அலைச்சல்தான். தஞ்சாவூர் பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் போலீஸ் சான்றிதழ். இரவு மன்னை எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னையில் கைரேகை, இன்னொரு முறை ஏறி மருத்துவப் பரிசோதனை. அந்தப் பரிசோதனை 12 மாதத்துக்குத்தான் செல்லும். பணம் எவ்வளவு காட்ட வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். பிரிட்டனில் 2024 ஏப்ரலில் இருந்து புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு வருடம் 29,000 பவுண்ட் வருமானம் என்று வைத்திருக்கிறார்கள். கனடாவில் கணவன் மனைவிக்குப் பொதுவாக அப்படி வரம்பு கிடையாது. மூன்று வருடம் உங்கள் செலவுக்குத் தான் பொறுப்பு என்று அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். இன்னொன்றையும் தெரிந்துகொண்டு போங்கள். முன்பு சிலருக்கு, இரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தால்தான் பி.ஆர். நிலைக்கும் என்று நிபந்தனை இருந்தது. 2017 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டார்கள். சண்டை வந்தால் "உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவேன்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

2020 பிப்ரவரியில் போய் இறங்கினேன். டொராண்டோவில் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு பேஸ்மென்ட், தரைக்குக் கீழே இருக்கிற வீடு. ஜன்னல் என் தலைக்கு மேலே, அதற்கு வெளியே பனி. திண்ணையும் முற்றமும் உள்ள வீட்டில் வளர்ந்தவளுக்குக் கிணற்றுக்குள் இறங்கின மாதிரி இருந்தது. மார்ச் 17 அன்று கொரோனாவுக்காக எங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் அவசர நிலை அறிவித்தார்கள். அவருக்கு வேலை வீட்டிலிருந்தே. நாள் முழுக்க இரண்டு பேரும் ஒரே அறையில்.

அப்போதுதான் தெரிந்தது, இவர் பேசவே மாட்டார் என்று. போனில் ஒரு மணி நேரம் விடாமல் பேசிய ஆள், நேரில் கேட்டால் "ம்". என்னைப் பிடிக்கவில்லையோ என்று குளியலறையில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். நான்கு வருடமாக ஒரு நாள் பேச்சை எல்லாம் சேர்த்து வைத்து அந்த ஒரு மணி நேரத்தில் கொட்டியவர் அவர். மிச்ச இருபத்து மூன்று மணி நேரமும் அங்கே இப்படி வாய் மூடித்தான் இருந்திருக்கிறார், எனக்குத்தான் தெரியாது. ஒரு நாள் ராத்திரி அவரே துணி துவைக்கிற மெஷின் இருக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எனக்கு வாட்ஸ்அப் கால் போட்டார். "சாப்டியா?" ஒரே வீட்டுக்குள் நாற்பது நிமிடம் பேசினோம். சிரிப்பாக இருக்கும், ஆனால் ஜூன் வரைக்கும் அப்படித்தான் ஓடியது. அந்த மாதக் கடைசியில் எங்கள் ஊர்ப் பாமணி ஆற்றில் தண்ணீர் வந்ததை அம்மா வீடியோ காலில் காட்டினாள். நுரையும் குப்பையுமாக முதல் தண்ணீர். இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சின்ன வயதில் அந்த ஆற்றில் செருப்பைத் தொலைத்த கதையைச் சொல்ல ஆரம்பித்தார். போனில்லாமல் அவர் எனக்குச் சொன்ன முதல் நீளமான கதை அது.

அதனால் முடிந்தால் கல்யாணத்துக்கு அப்புறம் அவரை இரண்டு மூன்று வாரம் ஊரில் தங்கச் சொல்லுங்கள். விருந்து, கோயில் என்று சுற்றாமல், வீட்டில் சும்மா இருக்கிற நாளாக இருக்கட்டும். அவர் பேசாமல் இருக்கும்போது எப்படி இருப்பார் என்று பாருங்கள். அப்புறம், வேலையை விடுங்கள், ஆனால் கையில் உங்கள் காசோடு போங்கள். மில்லில் போட்ட ஏலச்சீட்டை எடுத்து ஒன்றரை லட்சம் கொண்டுபோனேன், 2,700 டாலர் சொச்சம். அங்கே ஒரு தமிழ்க் கடையில் கல்லாவில் நிற்கும் வேலை கிடைக்கும் வரை, ஒரு ஸ்வெட்டருக்கோ பஸ் கார்டுக்கோ நான் யாரிடமும் கை நீட்டவில்லை. அவர் கேட்டால் தந்திருப்பார். கேட்காமல் இருந்தது எனக்கு வேண்டியிருந்தது.

இப்போது நேரக் கணக்கு அம்மாவோடு. தினமும் அவளுக்குக் காலை ஏழரைக்குக் கூப்பிடுவேன். நவம்பர் வந்தால் எட்டரை ஆகிவிடும். எத்தனை தடவை சொன்னாலும் அந்த முதல் நாள் ஏழரைக்கே போனைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். எடுத்ததும், "மணிய மாத்திட்டானுவளா?" என்பாள்.