அனுசேபப் பாதைகளைப் பாடமாக்காமல் விளங்கிப் படிக்க மாணவர்களுக்கு எப்படிக் கற்பிக்கலாம்?

கலத்தின் அனுசேபப் பாதைகளில் (இரசாயன மாற்றத் தொடர்களில்) ஒன்றான, குளுக்கோசைப் பைருவேற்றாக உடைக்கும் கிளைக்கோப்பகுப்பின் பத்துப் படிகளையும் பிள்ளைகள் பிழையில்லாமல் எழுதுகிறார்கள், ஆனால் ஒன்றும் விளங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மட்டக்களப்பில் உயிர் இரசாயனம் படிப்பிக்கிற எனக்கும் ஆரம்பத்தில் இதே கவலைதான். பலகை நிறைய அம்புக்குறி போட்டேன். விடைத்தாளில் அதே அம்புக்குறிகள் திரும்பி வந்தன. ஒட்சிசன் இல்லாதபோது பைருவேற்று ஏன் லக்ரேற்றாக வேண்டும் என்ற கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை.

இப்போது தயிர்ச் சட்டியில் இருந்து தொடங்குகிறேன். எருமைத் தயிரைத் தெரியாத பிள்ளை இங்கே இல்லை. சிலர் வீட்டிலேயே உறை ஊற்றுவார்கள். பாலின் லக்ரோசை உடைத்து, ஒரு குளுக்கோசைப் பைருவேற்று வரை கொண்டுபோனால் பற்றீரியாவுக்குத் தேறுவது 2 ஏரிபி (ATP, கலம் செலவழிக்கும் சக்தி நாணயம்). அதற்குப் பிறகு லக்ரேற்று ஆக்குவதில் ஒரு ஏரிபிகூடக் கிடைக்காது. பிறகேன் அந்த வேலை? இந்த இடத்தில் வகுப்பை யோசிக்க விடுவேன். பத்து நிமிடம் போனாலும் பரவாயில்லை, அவசரப்பட்டுப் பதிலைச் சொல்லிவிடாதீர்கள். யாராவது ஒருவர் ஆறாம் படிக்குத் திரும்பிப் போவார். அங்கே இலத்திரன்களை வாங்கிக்கொள்ளும் என்ஏடி பிளஸ் (NAD+) செலவாகி என்ஏடிஎச் (NADH) ஆகிறது. கலத்தில் அது கொஞ்சம்தான் உண்டு. எல்லாம் என்ஏடிஎச் ஆகித் தேங்கினால் முழுப் பாதையும் நின்றுவிடும். லக்ரேற்று உண்டாகும்போது என்ஏடி பிளஸ் மீண்டும் கைக்கு வருகிறது. தயிரின் புளிப்பு அந்த லக்ரிக்கமிலம்தான்.

அப்புறம் கள்ளு. அதை நொதிக்க வைக்கும் மதுவத்துக்கும் (yeast) இதே சிக்கல், வழிதான் வேறு. பைருவேற்றிலிருந்து காபனீரொட்சைட்டை வெளியே விட்டு, மிஞ்சும் அசற்றல்டிகைட்டை எதனோல் ஆக்குகிறது. முட்டியில் பொங்கும் நுரை அந்த வாயு.

இதையெல்லாம் முதலில் தமிழில் பேசிவிடுவேன். உயர்தரத்தில் அனுசேபம், நொதியம் என்று படித்த பிள்ளை இங்கே வந்ததும் ஆங்கிலப் பெயர்களோடு மல்லுக்கட்டுகிறது. காரணம் பிடிபட்டபின் பெயர்கள் தாமாக ஒட்டிக்கொள்ளும்.

ஒன்று, வினாத்தாளையும் மாற்றுங்கள். படிகளை எழுதச் சொன்னால் பாடமாக்கத்தான் செய்வார்கள். நான் பாதையின் படத்தைக் கையில் கொடுத்துவிட்டு இப்படிக் கேட்கிறேன்: சீனி பார்க்க எடுக்கும் இரத்தத்தை ஏன் புளோரைட்டு உள்ள குழாயில் விடுகிறார்கள்? செங்குழியத்தில் ஒட்சிசனைக் கொண்டு சக்தி எடுக்கும் இழைமணி இல்லை, குழாய்க்குள்ளும் அது கிளைக்கோப்பகுப்பால் குளுக்கோசைத் தின்றுகொண்டே இருக்கும், புளோரைட்டு ஒன்பதாம் படியின் நொதியமான ஈனொலேசைத் தடுக்கும் என்று படத்தைப் பார்த்தே கோத்து எழுதுகிறார்கள்.